பகுதி உதவியும் முழுக் குடிமையும்

நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மொழியிலிருந்து தொடங்குகின்றனர். பண்பாட்டில் கொண்டுபோய் முடிக்கின்றனர். மொழி வாழ்க, இனம் வாழ்க என்ற முழக்கத்தோடு கூட்டம் கலைகின்றது. நான் இக்கட்டுரையை மண்ணிலிருந்து தொடங்க விரும்புகின்றேன். ஒரு பள்ளிக்கூடம் நிற்கின்ற மண் எவருடையது என்னும் வினாவுக்கு விடை தெரியாத வரையில், அப்பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றி எவரும் எதையும் உறுதியாகக் கூற இயலாது. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டறிந்த உண்மைகளுள் தலையாயது இதுவே.

அரசாங்கக் கோப்புகளில் நம் பள்ளிகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒன்று முழு உதவி பெறும் பள்ளி. மற்றொன்று பகுதி உதவி பெறும் பள்ளி. முன்னது அரசு நிலத்தில் நிற்பது. பின்னது பிறர் நிலத்தில் நிற்பது. இரண்டிலும் ஆசிரியர்க்குச் சம்பளம் தருவது அரசு. பாடத்திட்டம் அரசினுடையது, பாடநூல் அரசினுடையது, மதிப்பீட்டு முறையும் அரசினுடையதே. காலையில் எந்த நேரத்தில் மணியடிக்க வேண்டும் என்பதைக்கூட அரசே வகுத்திருக்கின்றது. ஆனால் கூரை, சுவர், வேலி, கழிவறை என்று வரும்போது பகுதி உதவிப் பள்ளியைப் பார்த்து அரசு சொல்லும் மறுமொழி வேறு: "இந்த நிலம் எம்முடையதன்று, கட்டடத்தைப் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோரும் பார்த்துக்கொள்ளட்டும்." தமிழ்ப் பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இரண்டாம் வகையினவே. இப்பிரிவினை நீதிக்கு ஒவ்வாது. அதனினும் மேலாக, இந்நாட்டுக் கல்விச் சட்டத்தின் சொல்லுக்கே ஒவ்வாது. இதை நிறுவுவதே என் நோக்கம்.

இப்பிரிவினையின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கின்றது. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், அதன் வழிவந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கின்ற தோட்டத்தில் முதலாளி பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தவேண்டும் என்று விதித்தன. தமிழ் மீது துரைமார்க்கு இருந்த காதலால் எழுந்த சட்டமன்று அது. குடும்பத்தோடு வந்த தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடிவிடக் கூடாது. அவன் மனைவி பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை அடைத்து வைக்க ஓரிடம் வேண்டும். அடுத்த தலைமுறைக்கும் ஆள் வேண்டும். ஆகவே குடிநீரும் லயமும் மருந்தும் போலப் பள்ளிக்கூடமும் கூலிக்குச் செய்துதர வேண்டிய வசதிகளுள் ஒன்றாயிற்று. ஓலைக் கொட்டகையிலும் பழைய கிடங்கிலும் பள்ளிகள் நடந்தன. கிராணியாரே வாத்தியார்; சில இடங்களில் கங்காணியே வாத்தியார். பள்ளி என்பது தொழிலாளியின் பிள்ளைக்குரிய உரிமை என்ற எண்ணம் அச்சட்டத்தில் கடுகளவும் இல்லை. பள்ளி முதலாளியின் உடைமை. அந்த ஒரு கருத்து, விடுதலை பெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கோப்புகளை விட்டுப் போகவில்லை.

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. தாய்மொழிப் பள்ளிகளை மெல்ல விலக்கி, மலாயும் ஆங்கிலமும் வழங்கும் தேசியப் பள்ளிகளை நிறுவ வேண்டும் என்றது. 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. தாய்மொழித் தொடக்கப் பள்ளிகளுக்கு அது இடமளித்தது. பொதுப் பாடத்திட்டத்தின் கீழ் எல்லாப் பள்ளிகளையும் கொணர்ந்தது. 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை. 1961-இல் கல்விச் சட்டம். அச்சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சரின் கையில் ஒப்படைத்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு நீங்கும் வரை, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் நம் தலைவர்களும் எழுத்தாளர்களும் அதைப் பற்றியே அஞ்சினர். அதைப் பற்றியே எழுதினர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த நாம் தரையைப் பார்க்கவில்லை. 21(2) பிரிவைக் கொண்டு ஒரு தமிழ்ப் பள்ளியை மூட வேண்டிய தேவையே அரசுக்கு எழவில்லை. தோட்டம் விற்கப்பட்டால் போதும். பள்ளி தானே மூடிக்கொள்ளும்.

அப்படித்தான் நடந்தது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லே அன்றைய மக்களுக்கு இடியோசையாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்துத் தோட்டம் வாங்கினான். அப்பெரும் முயற்சியை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆயினும் நாடு முழுவதும் நடந்த விற்பனைக்கு அது ஈடாகவில்லை. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. அதன் பின்னர்ச் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் மக்கள் பெயர்ந்தனர், பள்ளி பெயரவில்லை. பெயர முடியவில்லை என்பதே சரி. பள்ளிக்கு மண் இல்லை. மண் இல்லாதவனுக்கு ஈடும் இல்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கின்றனர்; சட்டத்தைப் படிக்க வைப்பதில்லை. பயிற்சி மாணவர்கள் தாமே அதை எடுத்துப் பொருள் விளக்கப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டுகின்றேன். அரசு உதவி பெறும் கல்விக்கூடம் என்பதற்கு அங்கே வரையறை இருக்கின்றது. மூலதன மானியமும் முழு உதவி மானியமும் பெறுகின்ற கல்விக்கூடம் என்பதே அவ்வரையறை. "அல்லது" என்று அங்கே இல்லை. "உம்" என்றே இருக்கின்றது. தமிழாசிரியர்க்கு எண்ணும்மையின் ஆற்றலை நான் விளக்க வேண்டியதில்லை. மூலதன மானியம் எதற்கு? கட்டடம் எழுப்பவும், விரிவாக்கவும், தளவாடங்கள் வாங்கவும் தரப்படுவது அது. ஆக, அரசு உதவி பெறும் பள்ளி என்று ஒரு பள்ளியை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன் கட்டடமும் அந்த உதவிக்குள் அடக்கம் என்பதே சட்டத்தின் நேரான பொருள். பகுதி உதவி என்ற சொல் அவ்வரையறையில் எங்கே இருக்கின்றது? நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இல்லாத ஒரு பிரிவினை, அலுவலக வழக்கத்தில் எப்படி வந்து குடிபுகுந்தது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பகுதி உதவி என்னும் முறையே கூடாது என்று சொன்னது 1960-ஆம் ஆண்டு அறிக்கைதான்! அன்று பகுதி உதவி பெற்றுவந்த சீன இடைநிலைப் பள்ளிகளிடம் அரசு கறாராகப் பேசிற்று. முழு உதவி பெற்றுத் தேசியக் கல்விமுறைக்குள் வா. இன்றேல் தனித்துப் போ. இடைப்பட்ட நிலை 1962 முதல் இல்லை என்றது. கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் பகுதி உதவியை ஒழித்த அரசு, செலவு செய்ய வேண்டிய இடத்தில் அதையே வைத்துக்கொண்டிருக்கின்றது. நம் பள்ளிகள் தேசியக் கல்விமுறைக்குள் முழுமையாக வந்துவிட்டன. எதிலும் நாம் விலக்குக் கேட்கவில்லை. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள், செய்தோம். 2012-இல் படிப்படியாகத் திரும்புக என்றார்கள், திரும்பினோம். கீழ்ப்படிதலில் பகுதி இல்லை.

கடப்பாட்டிலும் பகுதி இல்லை. 2003 முதல் தொடக்கக் கல்வி இந்நாட்டில் கட்டாயம். ஆறு வயதைக் கடந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையிலும் இடலாம். நல்ல சட்டம், நான் அதை வரவேற்கின்றேன். ஆனால் எந்தக் கூரையின் கீழ் அப்பிள்ளை உட்கார வேண்டும் என்ற கேள்விக்கு, அது உன் பாடு என்று விடை சொல்வது எவ்வகை அறம்? தண்டம் முழுமையாக, உதவி பகுதியாக!

சீனப் பள்ளிகளிலும் பகுதி உதவிப் பள்ளிகள் உண்டே, அவர்கள் இப்படிப் புலம்பவில்லையே என்று சிலர் கேட்பர். சமயப் பரப்பாளர் நிறுவிய பள்ளிகளையும் சான்று காட்டுவர். கேள்வி கூர்மையானது, மறுமொழியும் எளிதே. சீனப் பள்ளி நிற்கும் நிலம் பெரும்பாலும் அப்பள்ளியின் வாரியத்துக்கோ, அவர்தம் சங்கத்துக்கோ, கொடையளித்த வணிகரின் அறக்கட்டளைக்கோ உரியது. திருச்சபைப் பள்ளியின் நிலம் திருச்சபைக்குரியது. அவர்கள் பிறர் தயவில் நிற்கவில்லை. நம் பள்ளி நிற்பதோ கம்பெனி நிலத்தில். நம் முன்னோர் இங்கே வந்தபோது நிலம் வாங்க வரவில்லை. நிலத்தைத் திருத்த வந்தனர். காடழித்துக் கன்று நட்டவன் பெயரில் ஒரு சாண் பட்டாவும் எழுதப்படவில்லை. இவ்வேறுபாட்டைக் காணாது, மூவருக்கும் ஒரே பெயர் சூட்டி, ஒரே விதி என்று கூறுவது சமநீதி போலத் தோன்றும். ஏணியின் உச்சியில் நிற்பவனையும் குழியில் கிடப்பவனையும் ஒரே கோலால் அளக்கும் சமநீதி அது. அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் விதி, பொதுப் பணத்திலிருந்து கல்விக்கு உதவும்போது இனத்தாலோ சமயத்தாலோ பிறப்பாலோ வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. இங்கே வேற்றுமை இனத்தின் பெயரால் வரவில்லை. நிலத்தின் பெயரால் வருகின்றது. அதனாலேயே அதனை எதிர்ப்பது கடினமாக இருக்கின்றது.

தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைக் கொட்ட முடியுமா, தணிக்கையாளர் கேட்க மாட்டாரா என்பது அதிகாரிகளின் வாதம். இதில் நியாயம் இருக்கின்றது என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் நிலத்தை அரசு நிலமாக்குங்கள் என்பதே என் மறுமொழி. அதற்குச் சட்டம் இல்லையா? 1960-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இருக்கின்றது. பொதுப் பயனுக்காக எந்த நிலத்தையும் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ள மாநில அரசுக்கு அது அதிகாரம் தருகின்றது. நெடுஞ்சாலைக்கு எடுத்தார்கள், விமான நிலையத்திற்கு எடுத்தார்கள். இன்று புத்ராஜெயா என்னும் எழில்நகர் நிற்கின்ற இடத்தில் பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி என்னும் தோட்டங்கள் இருந்தன. அங்கே பால்வெட்டிய குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்கு வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. ஒரு நாட்டின் தலைநிருவாக நகரத்துக்கே நிலம் எடுக்க முடிந்த அரசுக்கு, மூன்று ஏக்கர் பள்ளித் திடலை எடுக்கச் சட்டம் போதவில்லை என்று சொன்னால் யார் நம்புவர்?

மற்றொரு வழியும் உண்டு. அதற்கு இழப்பீடே வேண்டியதில்லை. தோட்ட நிலம் வேளாண் நிலம். அதில் வீடு கட்ட வேண்டுமானால், நிலப் பயன்பாட்டை மாற்றித் தருமாறு கம்பெனி மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி மாநில அரசு நிபந்தனை விதித்து ஒப்புதல் தரலாம். சாலைக்கு இவ்வளவு, வடிகாலுக்கு இவ்வளவு, திடலுக்கு இவ்வளவு விட்டுக்கொடு என்று கேட்டு வாங்குகின்றார்கள். அந்தப் பட்டியலில், ஏற்கெனவே அம்மண்ணில் நின்றுகொண்டிருக்கின்ற தமிழ்ப் பள்ளிக்குரிய நிலத்தையும் சேர் என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். ஏக்கர் கணக்கில் விற்ற நிலம் சதுர அடிக் கணக்கில் விற்கப்போகும் அந்நாளில், கம்பெனிக்கு அது பாரமும் ஆகாது. அந்த ஒரு வரி விடுபட்ட இடங்களில்தான் பின்னாளில் பெற்றோர் பதாகை தூக்கி நிற்க நேர்கின்றது.

இங்கே ஓர் இடுக்கு இருக்கின்றது. அதை மாணவர்கள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். நம் அரசமைப்பில் கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றது. கல்வியமைச்சிடம் போனால் நிலம் எங்கள் கையில் இல்லை என்பர். மாநில அரசிடம் போனால் கல்வி எங்கள் கையில் இல்லை என்பர். இருவர் சொல்வதும் உண்மை! இரண்டு உண்மைகளுக்கு நடுவே விழுந்து கிடக்கின்றது நம் பள்ளி. மத்தியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் வேறொரு கட்சியும் ஆண்ட காலங்களில், இந்த இடுக்கு இரு சாரார்க்கும் நல்ல வசதியாகவும் அமைந்தது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் கதை போதும். பெயர் வேண்டா. ஒரு புயற்காற்றில் இரு வகுப்பறைகளின் துத்தநாகக் கூரை பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். நிலம் தனியாருடையது ஆகையால் வாரியத்தின் வழியாக நடவடிக்கை எடுக்குமாறு மறுமொழி வந்தது. வாரியத்தினர் தோட்ட நிருவாகத்துக்கு எழுதினர். தோட்டம் கைமாறவிருக்கின்றது, இந்நிலையில் புதுச் செலவு செய்ய இயலாது என்று பணிவான ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. நாங்களே கூரை போட்டுக்கொள்கின்றோம், ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்டோம். புதிய உரிமையாளர் வந்த பின் கேளுங்கள் என்றனர். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்கள் பதினோரு மாதம் சிற்றுண்டிச்சாலையில் படித்தனர். பத்து மணிக்கு இடைவேளை விடும்போது பலகையை நகர்த்திவிட்டு மேசையில் மீயைப் பரிமாறுவர். பத்தரைக்கு மேசையைத் துடைத்துவிட்டுப் பின்னக் கணக்கு. இதற்கிடையில் மக்கள் பிரதிநிதி ஒருவர் வந்தார்; பெயர்ந்த கூரையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்; தார்ப்பாய் அனுப்பினார். தார்ப்பாய் நல்ல தரமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்நிலையில்தான் மானிய அரசியல் வந்து சேர்கின்றது. 2007 நவம்பர் 25-ஆம் நாள் ஆயிரக்கணக்கான இந்தியர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். அடுத்த மார்ச்சுத் தேர்தலில் ஆளுங்கட்சி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதன் பின்னர்த் தமிழ்ப் பள்ளிகளுக்கான சிறப்பு ஒதுக்கீடுகள் வரவுசெலவு உரைகளில் தனி இடம் பெறலாயின. 2012-ஆம் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி. 2018-இல் ஆட்சி மாறிற்று. 2019-ஆம் ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி. இத்தொகைகளால் எழுந்த கட்டடங்களை நான் பார்த்திருக்கின்றேன். அவை உண்மையான கட்டடங்கள். அவற்றில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அதற்காக உழைத்தவர்க்கு நன்றி உரியது. ஆனால் நான் கேட்கும் கேள்வி வேறு. ஓராண்டுக்குப் பத்து ஏன்? மற்றோராண்டுக்கு ஐந்து ஏன்? கூரைகளில் பாதி ஓராண்டில் ஒழுகாமல் நின்றுவிட்டனவா? பள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டோ, மாணவர் தொகையைக் கொண்டோ, கட்டடத்தின் அகவையைக் கொண்டோ வகுத்த கணக்கு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. ஆள்வோரின் மனநிலையும் தேர்தலின் தொலைவுமே கணக்கு.

வள்ளுவர் வேந்தனுக்கு உரியனவற்றை எண்ணும்போது கொடையை ஒன்றாகவும் செங்கோலை வேறொன்றாகவும் எண்ணினார். இரண்டையும் ஒன்றெனக் கருதவில்லை. நம் நாட்டில் நமக்குச் செங்கோலால் வரவேண்டியது கொடையாக வருகின்றது. உரிமையாக வருவதை வாங்கும்போது கணக்குக் கேட்கலாம். கொடையாக வருவதை வாங்கும்போது கை குவிக்க வேண்டும். மாதிரிக் காசோலை என்று ஒன்று செய்கின்றார்களே, கதவளவு அட்டையில், அது ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகவே. தேசியப் பள்ளிக்குக் கட்டடம் எழும்போது அத்தகைய அட்டையை எவரும் தூக்கி வருவதில்லை. அங்கே ஒப்பந்தக்காரர் வருகின்றார். வேலையை முடித்துவிட்டுப் போகின்றார்.

மாணவர் குறைந்த பள்ளிகளுக்கு ஏன் செலவு என்று கேட்போரும் உளர். நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை நம் பள்ளிகளுள் பாதிக்கும் மேல் என்பது மெய்யே. முப்பதுக்கும் குறைந்த பள்ளிகளில் இரு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துகின்றோம். அதன் இடர்ப்பாடு நடத்துகின்றவர்க்கே தெரியும். ஆனால் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப் பள்ளியில் மாணவர் ஆயிரத்தைத் தாண்டி நிற்பதும் மெய்யல்லவா? பிள்ளைகள் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றனர். மக்கள் போன இடத்துக்குப் பள்ளியும் போக வேண்டும். புதிய வீடமைப்புப் பகுதியில் நமக்குப் பள்ளி வேண்டுமென்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு தோட்டப் பள்ளியின் உரிமத்தைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டியிருக்கின்றது. உரிமம் கிடைத்தாலும் நிலம் வேண்டும். நிலம் கிடைத்தாலும் கட்ட நிதி வேண்டும். பத்தாண்டு அலைச்சலுக்குப் பின் பள்ளி எழும்போது, முதலில் கேட்ட பெற்றோரின் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியையே முடித்திருப்பர். முதலில் பெயரவிடாமல் கட்டிப்போடுவது. பின்னர், பார், இளைத்துப்போனாய் என்று குறை சொல்வது! இது மருத்துவமன்று.

இன்னொரு சாரார், தாய்மொழிப் பள்ளிகளே ஒற்றுமைக்குக் கேடு, அவை அரசமைப்புக்கு முரணானவை என்று வழக்கே தொடுத்தனர். 2021 இறுதியில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசமைப்பின் 152-ஆம் விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக நிறுவிய அதே இடத்தில், பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கலாகாது என்றும் கூறுகின்றது. தேசிய மொழியை நாம் மதிக்கின்றோம். முதலாம் ஆண்டு முதலே கற்பிக்கின்றோம். ஒற்றுமை என்பது ஒருவர் வீட்டுக்கூரையைப் பிரித்து மற்றவர் வீட்டுக்குள் அவரை அழைப்பதன்று. இதைப் பற்றி மேலும் எழுத என் மனம் ஒப்பவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் நாட்டுப்பண்ணை இசைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்போர்க்கு என்ன சொல்வது?

அரசைக் கடிந்த கையோடு நம்மையும் ஒரு சொல் கேட்டுத்தான் ஆக வேண்டும். அமைச்சர் வருகின்றார் என்றால் மூன்று நாள் பாடம் நிறுத்திக் கோலாட்டம் பயிற்றுவிக்கும் ஆசிரியர் யார்? சந்தன மாலையும் பொன்னாடையும் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தை எடுக்கும் பெருமக்கள் யார்? புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அரசியல்வாதியின் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கின்றோம். அந்நிலத்தின் பட்டா எவர் பெயரில் இருக்கின்றது என்று பார்த்துவைப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தம் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்கும் ஆசிரியர்களைப் பற்றி இவ்வேட்டைப் படிப்போர் நன்கறிவர். அவர்தம் காரணங்களை நான் கேட்டிருக்கின்றேன், அவற்றுள் ஒன்றுகூட அடுத்த வீட்டுப் பெற்றோரிடம் சொல்லத்தக்கதாக இல்லை. அரசு ஊழியர் நாம், வாய் திறக்கலாகாது என்பர் சிலர். அரசை ஏசுவதற்கு விதி இடந்தராது, உண்மைதான். ஆனால் தன் பள்ளியின் நில எண்ணைத் தெரிந்துவைத்திருப்பதை எந்த விதி தடுக்கின்றது? 1912-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரச் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் என்றது. நம் கல்விச் சட்டமோ, தேசியப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவேனும் வேண்டுமானால் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்கட்டும் என்கின்றது. பதினைந்து பேரைத் திரட்ட முடியாமல் எத்தனை பள்ளிகளில் தமிழ் வகுப்பு நடக்கவில்லை! அங்கே குறை அரசினுடையது மட்டுமன்று.

கேட்க வேண்டியவை பலவல்ல. தமிழ்ப் பள்ளி நிற்கும் தோட்ட நிலங்கள் யாவும், நிலப் பயன்பாடு மாறும்போதோ கையகப்படுத்தலின் வழியாகவோ, பள்ளிக்கென ஒதுக்கிய அரசு நிலமாகப் பதிவு பெற வேண்டும். அதற்குக் காலவரையறை வேண்டும். கூட்டரசும் மாநிலங்களும் ஒரே மேசையில் அமர்ந்து அதை வகுக்க வேண்டும். நிலம் மாறும் வரையிலும்கூட, சட்டத்தின் வரையறைப்படி மூலதன மானியம் எல்லா உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுதோறும், வகுத்த கணக்கின்படி, அமைச்சரின் உரையை எதிர்பாராமல் வர வேண்டும். எந்தப் பள்ளியின் நிலம் எந்நிலையில் இருக்கின்றது என்ற பட்டியலை ஆண்டுக்கொரு முறை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று, எக்கட்சியினராயினும், நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். ஆளும்போது ஒன்றும் எதிர்க்கும்போது ஒன்றும் பேசுவோரை அப்பட்டியலே காட்டிக் கொடுத்துவிடும்.

அப்பட்டியல் வரும் வரை வாரியங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் நிலத்தைப் பற்றி ஐந்து செய்திகளை எழுதி வைக்கலாம்: நில எண், பரப்பு, உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, குத்தகையாயின் அது முடியும் ஆண்டு. மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டுத் தேடலுக்கு விண்ணப்பித்தால் இவை கிடைக்கும். அதற்கு எவருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை.